சர்வர் டவுன்

ஆவரங்காட்டு இ-சேவை மையத்தில் தகவல்களை இலை போட்டுப் பரிமாறுவதுதான் வழக்கம். சர்வர் ஒருவர்தான், பெயர் நாச்சிமுத்து. வேலை அறிவிப்பு, கல்லூரி இடம், அணை திறக்கும் நேரம் எல்லாம் அவருடைய வாளியில் சுடச்சுட இருக்கும். மேலத்தெருக்காரர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்து, வேண்டாததையும் வாங்கி இலையில் வீணடிப்பார்கள். காலனிக்குக் கடைசிப் பந்தி. அது உட்காரும்போது 'சர்வர் டவுன்' என்று பலகை தொங்கும். மனுசன் டவுனுக்குப் போய்விட்டார் போல என்று காலனி சனம் எழுந்து வீட்டுக்குப் போகும். வருசக்கணக்காக இப்படித்தான்.

அன்று தவமணிக்கு அப்படிப் போக முடியவில்லை. மகள் எழிலிக்கு நர்சிங் படிப்பில் இடம் வந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். மாலைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் இடம் கைமாறிவிடும். பலகை தொங்கியதும், டவுன் பஸ் ஏறுவதற்குள் சர்வரைப் பிடித்துவிடலாம் என்று கொல்லைப்பக்கம் ஓடினாள்.

நாச்சிமுத்து எங்கும் போகவில்லை. வீங்கிய காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"சாப்டீங்களாண்ணே?" என்றாள்.

அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தவமணி பந்தியிலிருந்து கையோடு எடுத்துவந்த இலையைப் பாதியாகக் கிழித்து, தன் தூக்குவாளியில் இருந்த புளிச்சோற்றை வைத்தாள். அவர் நிதானமாகச் சாப்பிட்டார்.

"எந்தப் பக்கமிருந்து பரிமாறணும்னு யாரும் சொல்லலம்மா. வாசல் அங்க இருந்துச்சு, அங்கிருந்தே ஆரம்பிச்சுட்டேன்."

"இங்கயும் ஒரு கதவு இருக்குதேண்ணே."

அவர் திரும்பிப் பார்த்தார். இருந்தது. வாளியை நிரப்பிக்கொண்டு அது வழியாக உள்ளே போனார்.

மிச்சமிருந்த பாதி இலையில் எழிலியின் இடம் ஆவி பறக்க வந்து விழுந்தது. தவமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. இலையைத் தன் பக்கமாக மடித்தாள். மையத்தில் அதுதான் சம்மதம். மறுநாள் முதல் அந்தக் கதவுப் பக்கமிருந்தே பந்தி தொடங்கியது; மேலத்தெருவுக்கும் எதுவும் குறையவில்லை. என்ன, கொஞ்சம் ஆறியிருந்தது.

மீந்ததைக் காக்கைக்கு வைத்தார்கள்.

எழிலி கல்லூரிக்குக் கிளம்பிய காலையில், கூரையில் உட்கார்ந்திருந்த காக்கை பஸ் தாமதம் என்றது. எழிலி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் இரண்டு இட்லி வாங்கிக்கொண்டாள்.