காக்கைக்கு ஒரு முட்டை

காக்கைக்கும் எனக்கும் ஜென்மப் பகை. என் கோழிகளைத் திறந்துவிட்டுத்தான் வளர்க்கிறேன். தோட்டம் முழுக்க மேய்ந்து, செடிக்கடியில் முட்டையிடும். நான் போவதற்குள் மதிலோர மரத்துக் காக்கை ஜோடி முந்திக்கொள்ளும். எவ்வளவு திட்டினாலும் அதுகளுக்குச் சூடு சொரணை கிடையாது.

போன மாதம் பொறுமை போய், பழைய சிடி தட்டுகளை நூலில் கட்டி மரத்தைச் சுற்றித் தொங்கவிட்டேன். வெயிலில் பளபளவென்று அவை ஆடியதும் காக்கைகள் ஓட்டம் பிடித்தன. நான்கு நாள் குஷியில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்தாம் நாள் பருந்து வந்து ஒரு கோழிக்குஞ்சைத் தூக்கியது. மறுநாள் இன்னொன்று. தாய்க்கோழி நாள் முழுக்கக் கத்திக்கொண்டே திரிந்தது. மிச்சம் ஒன்பதுதான்.

எலக்ட்ரீஷியனான என் கணவர், வேலை முடிந்து வந்த கையோடு கம்பிவலையில் பெரிய கூண்டு ஒன்றைச் செய்துவிட்டார்.

"இன்னொண்ணு போச்சுன்னா எல்லாத்தையும் உள்ள போட்டுடுவேன். சொல்லிட்டேன்."

"அடைச்சு வச்சா அது கோழியாங்க? மண்ணக் கிளறாம ஏங்கிப் போயிடும்!"

"அப்போ பருந்துகிட்ட போய்ப் பேசு."

மனுஷனுக்கு நக்கலுக்கு மட்டும் குறைச்சலில்லை.

மறுநாள் பருந்து என் தட்டுகளுக்கு மேலேயே சாவகாசமாக வட்டமிட்டது. அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் அது எட்டிப் பார்த்தபோதெல்லாம் கொத்தித் துரத்தியது அந்தக் காக்கைகள்தான். காவலுக்கு இருந்தவர்களை நானே விரட்டியிருக்கிறேன், புத்திசாலி!

தட்டுகளை அறுத்தெறிந்தேன். குஞ்சுகளைக் கூடையால் மூடினேன். வெட்கத்தை விட்டு மதில்மேல் ஒரு முட்டையை வைத்தேன். மூன்றாம் நாள் ஜோடி திரும்பி வந்தது. உடனே கூடையைத் திறந்துவிட்டேன்.

அன்று மத்தியானமே பருந்து சரேலென்று இறங்கியது. நான் விளக்குமாற்றோடு ஓடுவதற்குள் காக்கைகள் இரண்டும் பாய்ந்தன. ஒன்று வாலைப் பிடித்து இழுத்தது, மற்றது முதுகில் கொத்தியது. விட்டால் போதும் என்று பருந்து பறந்துவிட்டது. குஞ்சுகளை எண்ணினேன். ஒன்பது! சந்தோஷத்தில் அழுதேவிட்டேன். சாப்பிட வந்த கணவர் வாசலிலேயே வாயைப் பிளந்து நின்றார்.

மறுநாள் காலை மதில்மேல் முட்டை வைக்கும்போது பின்னால் அவர் குரல் கேட்டது.

"வேலை பார்த்தது ரெண்டு பேராச்சே? இன்னொண்ணும் வை."

கூண்டும் வீணாகவில்லை. மீதி முட்டைகளை அதற்குள் வைத்துத்தான் பூட்டுகிறேன். காவல்காரர்கள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் புத்தி எனக்குத் தெரியாதா?