பவதாரணியின் பத்து அல்பங்களும் பஸ்ரியாம்பிள்ளையின் நேர்த்தியும்

எங்கள் பக்கத்து வீட்டுப் பவதாரணிக்குத் தபாற்கந்தோரில் உத்தியோகம், வயது முப்பத்தெட்டு. கலியாணம் வேண்டாம் என்றவள், காரணத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கே சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவளுடைய முழுச் சீவியமும் காதுக்குள்தான். வேலைக்குப் போகும்போதும், கோழிக்குத் தவிடு குழைக்கும்போதும், கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போதும் காதில் இரண்டு கறுப்புக் கொட்டைகள் செருகியிருக்கும். சினிமாப் பாட்டென்றால் முகத்தைச் சுளிப்பாள். பெரிய கம்பனிகளின் தயவில்லாமல் தாங்களாகவே பாடி வெளியிடுகிறவர்களின் பாட்டும், நாட்டார் பாட்டும்தான் அவளுக்குப் பாட்டு.

வருடம் முழுக்கக் கேட்டு ஒரு கொப்பியில் குறித்து வைப்பாள். மார்கழி இருபத்தெட்டாம் திகதி காலை, அந்த ஆண்டில் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டு அல்பங்களை வரிசைப்படுத்தி முகநூலில் போடுவாள். நானூற்றுப் பன்னிரண்டு பேர் அதைப் பார்க்கிறார்களாம். அதில் நானும் ஒருத்தி. பாட்டுக்காக இல்லை, யார் யார் என்ன கருத்து எழுதுகிறார்கள் என்று பார்ப்பதற்காக.

அந்தப் பட்டியலுக்கு ஒரு சட்டம் உண்டு. பாடிப் பதிந்ததும் வெளியிட்டதும் இரண்டுமே அந்த வருடத்துக்குள் நடந்திருக்க வேண்டும். போன முறை, ரொறன்ரோவில் இருக்கும் இறுப்பிட்டிக்காரர் ஒருவருடைய அல்பத்தில் ஒரேயொரு பாட்டு முந்தின ஆண்டிலேயே பதியப்பட்டது என்று துருவிக் கண்டுபிடித்து, நாலாம் இடத்திலிருந்து அவரைத் தூக்கிவிட்டாள். மனிதர் மூன்று பக்கத்துக்கு எழுதி மன்றாடினார், பிறகு ஏசினார். இவள் அசையவில்லை. நீதவான் வேலைக்குப் போயிருக்க வேண்டியவள், முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

இந்த முறைப் பட்டியலில் பத்தாவதாக வவுனியாப் பையன் ஒருவன் ஒற்றைக் கிற்றாருடன் பாடிய ‘பின்னேரப் பஸ்’. “குரல் நல்லது, கவலை கொஞ்சம் கூடிப்போய்விட்டது” என்று பக்கத்தில் குறிப்பு. மூன்றாவது ‘வெள்ளாமைக் காவல்’, மட்டக்களப்புக்காரருடையது. மத்தளத்தைச் சற்றுத் தள்ளி வைத்துப் பதிந்திருக்கலாமாம். இரண்டாவது, மலையகத்துப் பெண்கள் மூவர் பாடிய ‘கொழுந்து நிறுவை’. அதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க வேறு எதையும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாள். உண்மைதான். அன்று கொட்டைகளைக் கழற்றிவிட்டு வேலியடியில் சும்மா நின்றாள், நான் பார்த்தேன்.

முதலாம் இடம் ‘கரையிழுவை’. வலை இழுக்கும்போது ஆட்கள் சேர்ந்து பாடுவார்களே, அந்த அம்பாப் பாட்டுகள். நிசாந்தன் என்ற பையன் மோட்டார்ச் சைக்கிளில் பதிவு மெசினோடு வந்து எங்கள் கரையிலேயே பதிந்து, புரட்டாதியில் வெளியிட்டிருந்தான். பாடியவர்கள் ‘கரம்பொன் கடற்கரை ஆட்கள்’ என்று மட்டும் அவன் போட்டிருந்தான். பவதாரணி அதோடு விடவில்லை. முன்னின்று பாடும் குரல் எங்கள் பஸ்ரியாம்பிள்ளை அண்ணையுடையது என்று பெயரையும் போட்டு, “இந்தக் குரலுக்கு உப்புப் போட வேண்டியதில்லை” என்றும் எழுதிவிட்டாள்.

மறுநாள் காலை மீன் வாங்க பஸ்ரியாம்பிள்ளை வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி மேரிஜோசப்பின் முற்றத்தில் இருந்து ஒட்டி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நல்ல செய்தி கொண்டுபோகிறவளுக்கு நல்ல மீன் கிடைக்கும் என்பது என் நீண்டகால அனுபவம்.

“மேரி, உம்மடை மனிசன்தான் இந்த வருசம் முதலாம் ஆள்” என்றேன்.

“என்னத்திலை, சறோக்கா?”

“பாட்டிலை. பவதாரணி உலகத்துக்கே அறிவிச்சுப்போட்டாள்.”

கத்தி நின்றது. “இந்த வருசம் பாடினதோ?”

“இந்த வருசம் பாடினதைத்தானே அவள் போடுறவள். அது அவளின்ரை சட்டம்.”

அந்தக் கடைசி வசனத்தை நான் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஆனால் தெரிந்த விஷயத்தைப் பாதியில் நிறுத்தும் பழக்கம் எனக்கு இல்லை.

மேரிஜோசப்பின் மீன் கையோடு எழும்பி என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே வைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள். அவர்களுடைய ஒரே மகள் நிலக்சனாவுக்குக் கலியாணமாகி நாலு வருடம். இரண்டு பிள்ளை வயிற்றிலேயே அழிந்துபோனது எனக்குத் தெரியும். இரண்டாவது, போன வருடத்து நத்தாருக்குச் சற்று முன்னர். எனக்குத் தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. இந்த வருடம் தை மாதம், மூவிராசாக்கள் திருநாளன்று, பஸ்ரியாம்பிள்ளை அந்தோனியார் கோயிலில் முழங்காலில் நின்று நேர்த்தி வைத்தாராம். மகளுக்கு ஒரு பிள்ளை பிறந்து அதற்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வரைக்கும் தன் வாயால் ஒரு வரி பாட்டு வராது என்று.

கரம்பொனில் எனக்குத் தெரியாமல் ஒரு நேர்த்தி இருந்தது என்பதே எனக்குப் பெரிய அடி. மனிதர் இந்த வருடம் கூத்துக்கு வரமாட்டேன் என்றபோது, தொண்டையில் ஏதோ கட்டி என்று நாலு வீட்டில் சொன்னவள் நான்தான்.

ஆனியில் நிலக்சனா மறுபடி முழுகாமல் இருந்தாள். இப்போது ஏழு மாதம். பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வந்து அறைக்குள் படுத்திருக்கிறாள். வாக்கை முறித்தால் கொடுத்தவர் திருப்பி எடுத்துவிடுவார் என்ற பயம் மேரிஜோசப்பினுக்கு. அந்தப் பயத்தின் தலையில்தான் நான் போய் முதலாம் இடத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன்.

கடலிலிருந்து வந்த புருசனை அவள் விசாரித்த விதத்தை, வாங்கிய மீனை மறந்துபோய்ப் பாதி வழியில் திரும்பி வந்த நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். தான் பாடவேயில்லை என்றார் அவர். அப்படியென்றால் அந்தக் குரல் யாருடையது என்றாள். தன்னுடையதுதான், நிசாந்தன் வந்து மெசினில் பிடித்தவன் என்றார். எப்போது என்றாள். வலையில் நண்டு படுகிற நேரம் என்றார். நண்டு ஒவ்வொரு வருடமும் படுகிறது. போன வருடத்து நண்டோ இந்த வருடத்து நண்டோ என்று அவள் கேட்க, மனிதர் தலையைச் சொறிந்தார். இந்த வருடம் பாடியதாகத் தனக்கு ஞாபகம் இல்லை என்றார்.

பஸ்ரியாம்பிள்ளை அண்ணை பொய் சொல்லும் ஆளில்லை. ஆனால் சாராயத்தை விட்டதாக மூன்று தரம் சத்தியம் செய்தவர், மூன்று தரமும் பிறகு ஞாபகம் இல்லை என்றவர். அந்தச் சொல்லுக்கு அந்த வீட்டில் பெறுமதி இல்லை.

அன்று மத்தியானம் மேரிஜோசப்பின் சாப்பிடவில்லை. மகளுக்கு ஒன்றும் சொல்லாமல், கிணற்றடிக்குப் போகாதே, படி இறங்காதே, கையைத் தூக்காதே என்று மட்டும் ஆயிரம் கட்டளை. கோயிலுக்கு மெழுகுதிரியோடு இரண்டு தரம் போய்வந்தாள். தை இரண்டாம் திகதி கிளினிக். அங்கே வயிற்றில் கருவியை வைத்து இதயத் துடிப்புக் கேட்பார்கள், அதைக் கேட்கத் தனக்குத் தைரியமில்லை என்று என்னிடம் சொன்னாள். என் வீட்டிலும் ஒட்டிக் குழம்பு சட்டியோடு மிச்சம் கிடந்தது. மீனில் பிழை இல்லை.

பின்னேரம் பவதாரணி வேலையால் வந்து சைக்கிளை நிறுத்த முன்னமே வேலியடிக்குப் போனேன். உன்னுடைய முதலாம் அல்பம் எந்த மாதம் பாடியது என்று கேட்டேன். கொட்டைகளைக் கழற்றினாள். முகம் சிவந்தது. முகங்களை வாசிப்பதில் எனக்கு நாற்பது வருட அனுபவம். இது பிடிபட்ட முகம்.

ஏன் கேட்கிறீர்கள் என்றாள். நடந்ததைச் சொன்னேன், நான் சொன்ன அந்தக் கடைசி வசனம் உட்பட. அவள் சைக்கிளை வேலியில் சாத்தினாள். பிறகு போனைத் திறந்து, புரட்டாதியில் நிசாந்தன் அனுப்பிய செய்தியைக் காட்டினாள். போன வருடம் கார்த்திகையில், இரண்டு விடியற்காலை பதிந்தது என்று தெளிவாக எழுதியிருந்தான்.

“தெரிஞ்சுகொண்டே போட்டனான், அக்கா. முதலாவதாப் போடாமல் இருக்க ஏலாமல் போச்சுது” என்றாள்.

ரொறன்ரோக்காரருக்குச் சட்டம் படிப்பித்தவள் தானே களவு செய்திருக்கிறாள். வேறு ஒரு நாளாக இருந்தால் இந்த ஒன்றை வைத்தே ஒரு மாதம் ஓட்டியிருப்பேன். அன்று எனக்கு வந்தது பெருமூச்சுத்தான். கார்த்திகை என்றால் நேர்த்திக்கு முன்.

அடுத்த நாள் காலை பவதாரணி அரை நாள் லீவு போட்டுவிட்டு மேரிஜோசப்பின் வீட்டுக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன், அவள் கூப்பிடவில்லை. முன் விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினார்கள். பஸ்ரியாம்பிள்ளை தூணோடு தூணாக நின்றார்.

பவதாரணி போனை நீட்டிச் செய்தியைக் காட்டினாள். மேரிஜோசப்பின் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். போனில் எழுதியதை யாரும் எப்போதும் எழுதலாம் என்றாள். தன்னைத் தேற்றுவதற்காக நேற்று நிசாந்தனைக் கேட்டு எழுதி வாங்கியிருக்கலாம் என்று அவள் சொல்லவில்லை, முகம் சொன்னது.

அப்போது பவதாரணி ஒரு காரியம் செய்தாள். எங்கள் முன்னாலேயே முகநூலைத் திறந்து, ‘கரையிழுவை’ போன வருடம் பதியப்பட்டது, அது தெரிந்திருந்தும் சேர்த்தேன், பிழை என்னுடையது, நீக்குகிறேன் என்று எழுதி, உரத்து வாசித்துக் காட்டிவிட்டுப் பதிவிட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு முன்னால். இரண்டு நிமிடத்தில் ரொறன்ரோவிலிருந்து கருத்து வந்துவிட்டது. அங்கே அந்த நேரம் மனிதர் நித்திரை கொள்ளவில்லைப் போலும். நான் அதை எட்டிப் பார்த்தேன். சிரிப்பு முகங்கள் பதினொன்று.

அதற்கும் மேரிஜோசப்பினின் நெற்றிச் சுருக்கம் விரியவில்லை. நீர் நல்ல பிள்ளை, ஆனால் எனக்கு அந்தோனியாருக்கு முன்னால் நிச்சயம் வேணும் என்றாள்.

அந்தப் பாட்டை நீர் கேட்டீரோ என்று நான் கேட்டேன். அவள் கேட்கவில்லை. கேட்கப் பயம். நான் பவதாரணியைப் பார்த்தேன். அவள் போனை மேசையில் வைத்து இரண்டாம் பாட்டைப் போட்டாள்.

முதலில் அலை. பிறகு ஆட்கள் மூச்சு வாங்கும் சத்தம். அதற்கு மேலால் பஸ்ரியாம்பிள்ளையின் குரல் ஏறியது. பிடிக்காதவர்களுக்கும் மயிர் கூச்செறியும் குரல்தான், உள்ளதைச் சொல்ல வேண்டும். மேரிஜோசப்பின் சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். பாட்டு முடியப் போகையில் பின்னால் எங்கேயோ ஒரு எஞ்சின் மூன்று தரம் இருமி, ஒரு கணம் பிடித்து, நின்றுபோனது.

அவள் தலை நிமிர்ந்தது.

“அந்தக் கடைசியை இன்னொருக்கால் போடும், பிள்ளை.”

போட்டாள். மூன்று இருமல், ஒரு பிடிப்பு, மௌனம்.

“இது எங்கடை வள்ளத்தின்ரை பழைய எஞ்சின்.” அவள் புருசனிடம் திரும்பினாள். “நெடுந்தீவிலை தம்பியாருக்குக் குடுத்தது எப்ப?”

“போன வருசத்து நத்தார் முடிஞ்ச கிழமை” என்றார் பஸ்ரியாம்பிள்ளை. இதற்கு மட்டும் அவருக்கு நண்டு தேவைப்படவில்லை. “மூவிராசாக்கள் திருநாளுக்குப் புது எஞ்சின் வந்திட்டுது. அதுக்குப் பிறகு உந்தச் சனியன் இந்தக் கரையிலை கேக்கேல்லை.”

மேரிஜோசப்பின் சிரித்தாளா அழுதாளா என்று நிச்சயமாகச் சொல்ல எனக்கே ஏலாது. சேலைத் தலைப்பு மறைத்துக்கொண்டது. தோள்கள் மட்டும் ஒரு முழு நாளைக்குப் பிறகு கீழே இறங்கின. பிறகு, எஞ்சினை வைத்து நாள் சொல்லத் தெரிந்த மனிதருக்கு அதை நேற்றே சொல்லத் தெரியாதா என்று புருசனை ஒரு பாட்டம் ஏசினாள். கேட்க இதமாக இருந்தது. வீடு பழையபடி வீடாகிவிட்டது.

சத்தம் கேட்டு நிலக்சனா வயிற்றைத் தாங்கிக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். ஒரு காதில் கறுப்புக் கொட்டை.

“இரண்டாம் பாட்டோ? அந்த இருமலுக்குத்தான் இவர் உதைக்கிறவர்” என்று வயிற்றைக் காட்டினாள்.

அப்பா பாடாத குறைக்குப் புரட்டாதியிலிருந்து அவள் தினமும் அதைத்தான் கேட்கிறாளாம். பட்டியலையும் முதல் நாளே பார்த்தாளாம். எஞ்சின் சத்தத்தில் அது நேர்த்திக்கு முந்தின பதிவு என்று தெரிந்ததால் அவள் பயப்படவேயில்லை. ஏனடி எனக்குச் சொல்லவில்லை என்று தாய் கேட்க, நீங்கள் எனக்கு ஒன்றும் சொல்லவில்லையே அம்மா என்றாள். அந்த வீட்டில் ஆளுக்கு ஆள் மறைத்து வைத்ததை எல்லாம் ஒரேயடியாக என்னிடம் விட்டிருந்தால், ஒரு மணித்தியாலத்தில் தீர்ந்திருக்கும்.

மேரிஜோசப்பின் முகத்தைத் துடைத்து, நத்தார்ப் பயற்றம் பணியாரத் தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வைத்த கையோடு பவதாரணி பக்கம் திரும்பினாள்.

“அதுசரி, எங்கடை மனிசனை ஏன் முதலாம் இடத்திலை இருந்து தூக்கினனீர்?”

இது பழைய பதிவு, சட்டம் விடாது என்றாள் பவதாரணி. அப்படியென்றால் முதலாம் இடத்தில் இப்போது யார் என்று விசாரித்தாள் மேரிஜோசப்பின். ஒருவரும் இல்லை, அது காலியாகவே இருக்கும் என்றாள் இவள். அந்தப் பதில் மேரிஜோசப்பினுக்குப் பிடித்துப்போனது. உயிர்த்த ஞாயிறு கழிந்து ஞானஸ்நானம், அன்று மனிசன் வாய் திறப்பார், அந்தப் பையனை மெசினோடு வரச் சொல்லும் என்றாள். பவதாரணி கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து மாதத்தைக் கவனமாகக் குறித்தாள்.

பஸ்ரியாம்பிள்ளை தூணை விட்டு வந்து ஒரு கதிரையில் சாய்ந்தார். நீண்ட மூச்சு ஒன்று விட்டார். மனச்சுமை இறங்கிய மனிதர் கண்ணை மூடினார், விரல்கள் கதிரைக் கைப்பிடியில் தாளம் போட்டன, தொண்டைக்குள் மெல்ல ஏதோ கிளம்பியது. நாங்கள் நாலு பெண்களும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தோம். மேரிஜோசப்பின் எட்டி ஒரு பணியாரத்தை எடுத்து, முழுசாக அவர் வாய்க்குள் திணித்தாள்.