வாயை மூடச் சொன்ன வழக்கு

தீயணைப்புத் துறைக்குப் போன் செய்கிறவர்களில் பாதிப் பேர் தீயைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். திரைச்சீலை பற்றி எரிகிறது என்பதைச் சொல்ல, அந்தத் திரைச்சீலையை எந்தக் கடையில் வாங்கினார்கள், நாத்தனார் என்ன நிறம் சொன்னாள், கடைசியில் யார் பேச்சைக் கேட்டு மஞ்சள் எடுத்தார்கள் என்று ஆரம்பிப்பார்கள். பயத்தில் வருகிற பேச்சு அப்படித்தான். அதை நடுவில் வெட்டி, "எங்க?" என்று கேட்பதுதான் எங்கள் தொழில். என்ன எரிகிறது என்று தெரியாவிட்டாலும் வண்டி கிளம்பிவிடும், எங்கே என்று தெரியாவிட்டால் வண்டி வாசலில் நின்று உறுமிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நான் அந்தக் கட்டுப்பாட்டு அறைக்குத் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவள். போனை எடுக்கிற பெண்ணாகச் சேர்ந்து, போன் எடுக்கிறவர்களை எல்லாம் மேய்க்கிறவளாக முடித்தேன். அந்தப் புத்தி வீட்டிலும் போகவில்லை. ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்த என் வீட்டுக்காரர் ஐயோ என்று கத்தியதும், "எந்த மாடி?" என்று நான் கேட்டதை மனுஷன் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.

நான் தலைவியாக இருந்தபோது எங்கள் அறையில் வேலை பழக வந்த ஒருத்திக்குக் கத்திரி என்று பெயர் வைத்திருந்தோம். யார் பேசினாலும் நடுவில் நறுக்கிவிடுவாள். துணிக்கடையில் நின்றிருக்கிறாள், வாடிக்கையாளர் புடவையை விரித்துப் பேசும்போதே எடுக்கிறீர்களா இல்லையா என்று கேட்டதால் அனுப்பிவிட்டார்கள். பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள், அங்கே டாக்டரையே நறுக்கியிருக்கிறாள். உலகத்தில் அவள் வாய்த்துடுக்கு ஒரு தகுதியாக ஆகக்கூடிய ஒரே நாற்காலி எங்கள் அறையில்தான் இருந்தது. அவளும் அதைப் புரிந்துகொண்டு, அந்த நாற்காலியில் பசை போட்டு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. தலைமை அதிகாரி கையெழுத்துப் போட்டால் நிரந்தரம், போடாவிட்டால் வீட்டுக்கு.

அந்தத் தலைமை அதிகாரிக்கும் ஒரு பெயர் உண்டு. சைரன். ஆள் வருவதற்கு முன்னால் குரல் வந்துவிடும். வாழ்நாள் முழுக்க வண்டியில் தொங்கிக்கொண்டு போய்த் தீயில் குதித்தவர், தைரியசாலி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் அறையை அவர் ஓர் அறையாகவே மதித்ததில்லை. ஏசி அறையில் உட்கார்ந்து போனில் அரட்டை அடிக்கிற பொம்பளைக் கூட்டம் என்பது அவருடைய கணக்கு. அறைக்குள் எட்டிப் பார்த்தால், அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவரைப் போல உடனே போய்விடுவார்.

நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சைரன் புதிதாக ஒரு வீட்டுக்குக் குடி போயிருந்தார். தோட்டம் உள்ள வீடு, தோட்டம் நிறையக் காய்ந்த இலை. அந்த வெயில் காலத்தில் யாரும் திறந்த வெளியில் இலை, குப்பை எதையும் எரிக்கக் கூடாது என்று ஊர் முழுக்க ஓர் உத்தரவு போயிருந்தது. உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் சைரன். அவர்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இலையைக் கூட்டிக் குவித்துக் கொளுத்தினார். தீயைப் பற்றித் தனக்குத் தெரியாததா என்கிற தெம்பு. காற்று திரும்பி, வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டுக்காரரின் மரக்கொட்டகையில் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு வெளியே போயிருந்தார்.

சைரன் எங்களுக்குப் போன் செய்தார். எடுத்தது கத்திரி.

மறுநாள் காலையில் அந்தப் போன் பேச்சின் பதிவை நான் தனியாக உட்கார்ந்து கேட்டேன். போன் செய்த மனுஷன் போன் செய்கிறவராகப் பேசவில்லை, அதிகாரியாகப் பேசினார். மூன்றாம் நிலையத்திலிருந்து சின்னத் தண்ணீர் வண்டி ஒன்று போதும், சைரன் போடாமல் வரட்டும், டிரைவர் பின் தெரு வழியாக வரட்டும், கூட வருகிறவன் வாயடக்கம் உள்ளவனாக இருக்கட்டும் என்று வரிசையாக உத்தரவு. எல்லாம் சொன்னார், எங்கே என்பதை மட்டும் சொல்லவில்லை. கத்திரி எங்கே என்று கேட்டாள். என் வீட்டுக்குத்தான் என்றார். வீடு எங்கே என்றாள்.

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"அது அப்புறம் சார். தெரு பேரு சொல்லுங்க."

அவர் தெரு பேரைச் சொல்லாமல் தன் பதவியின் பேரைச் சொன்னார். அந்தப் பேரில் தெரு எதுவும் இல்லையே சார் என்றாள் இவள். எங்கள் கம்ப்யூட்டரில் அவருடைய பழைய வீட்டு முகவரிதான் இருந்தது. அதை நம்பி வண்டியை அனுப்பியிருந்தால், அங்கே இப்போது குடியிருக்கிற பல்லெல்லாம் போய்ப் பல்லாங்குழி மாதிரி சிரிக்கிற கிழவரை எழுப்பி நனைத்துவிட்டு வந்திருப்பார்கள். இதற்குள் அவருடைய மனைவி போனைப் பிடுங்கிவிட்டார். தெரு, வீட்டு எண், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, பச்சை கேட், பக்கத்து வீட்டில் ஆள் இல்லை, நாயைக் கட்டிப் போட்டிருக்கிறது. என் சர்வீஸில் இவ்வளவு அழகாகப் பேசிய ஒரு வாடிக்கையாளரை நான் கேட்டதில்லை.

வண்டி கிளம்பியது. வண்டி வாசலில் வந்து நிற்கும்வரை போனை வைக்க விடக் கூடாது என்பது எங்கள் அறையின் பழக்கம். அதனால் அந்த அம்மாள் லைனிலேயே இருந்தார், பதிவும் ஓடிக்கொண்டே இருந்தது. ஐந்தாறு பேச்சு மாறிய பிறகு கத்திரி அந்த வார்த்தையைச் சொன்னாள். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, தோட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சார், வாயை மூடிட்டு வெளிய வாங்க."

கொட்டகையின் பாதி போனது. வண்டி வந்து அணைத்தது. திங்கட்கிழமை காலையில் சைரன் எழுத்தில் புகார் கொடுத்தார். ஓர் உயர் அதிகாரியைப் பொது லைனில் வாயை மூடச் சொன்ன பெண் இந்தத் துறைக்குத் தேவையில்லை. புதன்கிழமை விசாரணை. புகார் கொடுத்தவர் அவர், முடிவு சொல்கிறவரும் அவர், கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர். சாட்சிக்கு வேறு யாராவது வேண்டுமே என்று பணியாளர் பிரிவு அதிகாரியைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் விதிப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிற ரகம்.

நான் கத்திரியைக் கூப்பிட்டு, அது யார் என்று தெரிந்துதான் பேசினாயா என்று கேட்டேன்.

"குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு அக்கா. தெரிஞ்சு என்ன பண்றது? அவர் வீடு எங்கன்னு எனக்கு எப்படித் தெரியும், என்னை விருந்துக்கா கூப்பிட்டாரு?"

மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் கொடுத்துவிடு, நான் பேசிப் பார்க்கிறேன் என்றேன். எதற்கு மன்னிப்பு என்றாள். அந்த அம்மாள் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள்தானே, அதைச் சொன்னால் நான் தப்பித்துவிடுவேன், ஆனால் அதை நான் சொல்ல மாட்டேன் என்றாள். போனில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவ்வளவு துடுக்கான பெண் இந்த ஒரு விஷயத்தில் என் பேச்சைக் கேட்டுத் தொலைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை நானே சைரனின் அறைக்குப் போனேன். புகாரை விட்டுவிடுங்கள் சார், அந்தப் பதிவின் கடைசிப் பகுதியில் உங்கள் வீட்டு விஷயம் இருக்கிறது என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். உங்கள் பெண்ணைக் காப்பாற்றுவதற்கு என் வீட்டை இழுக்கிறீர்களா என்றார். இலை எரித்ததைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அதற்கு உண்டான அபராத நோட்டீஸைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டதாகவும், தனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். அங்கே போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதுதான் மிச்சம்.

என் வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாட்டில், நீ போய்ப் பதிவைப் போடு, நடக்கிறது நடக்கட்டும் என்றார். இவருக்கு எல்லாமே அப்படித்தான். நான் போட்டால் அந்த மனுஷனின் மானம் போகும். போடாவிட்டால் அந்தப் பெண்ணின் வேலை போகும்.

புதன்கிழமை விசாரணை அறையில் நாங்கள் மூன்று பேர். கத்திரியை வேலையில் உட்கார வைத்திருந்தேன், கூப்பிட்டால் வரட்டும் என்று. பதிவைப் போட்டேன். மூன்றாம் நிலையம், சின்ன வண்டி, பின் தெரு, வாயடக்கம் உள்ளவன். பணியாளர் அதிகாரி முகத்தைக் கல் மாதிரி வைத்திருந்தார், ஆனால் கல்லுக்குக் காது சிவந்திருந்தது. அந்தப் பேரில் தெரு இல்லையே என்கிற இடம் வந்ததும் அவருக்கு இருமல் வந்துவிட்டது. சைரன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி போனை வாங்கினார். முகவரி சொன்னார். அந்த இடத்தில் நான் நிறுத்தினேன்.

இனிமேல் வருவது துறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெண்மணியின் சொந்தப் பேச்சு, அதை மூன்றாவது ஆள் கேட்கலாமா, அதற்கு விதி ஏதாவது இருக்கிறதா என்று பணியாளர் அதிகாரியிடம் கேட்டேன். எனக்கு அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று தெரியாது. அவருக்கும் தெரியாது, ஆனால் தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். புத்தகம் இரண்டு மாடி கீழே இருந்தது.

கதவைச் சாத்திவிட்டுப் பதிவை ஓட விட்டேன்.

அந்த அம்மாள் முதலில் கணவரைத் திட்டினார். கையெழுத்துப் போட்டதே நீங்கள்தானே, நேற்றே சொன்னேனே என்று. தூரத்தில் சைரனின் குரல், கொட்டகைக்குள் பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிள் இருக்கிறது, அதை எடுத்துவிடுகிறேன் என்று. பிறகு அந்த அம்மாளின் குரல் மெலிந்துபோனது.

"கொட்டகைக்குள்ள போயிட்டாரும்மா. அவருக்குப் போன மாசம்தான் நெஞ்சுல அடைப்பு எடுத்தாங்க. ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. சொன்னா வீட்ல உட்கார வெச்சிருவாங்கன்னு லீவு போட்டுட்டு, ஊருக்குப் போறதாச் சொல்லிட்டுப் பண்ணிக்கிட்டார். ராத்திரி அவர் மூச்சு விடுறாரான்னு பார்த்துக்கிட்டே நான் தூங்குறதில்லம்மா. நான் கூப்பிட்டா வர மாட்டார். என் பேச்சை எப்பக் கேட்டிருக்கார்."

கத்திரி அவரை நறுக்கவில்லை. முழுசாகப் பேச விட்டாள். அது ஒன்றுதான் நான் எதிர்பார்க்காதது. பிறகு கேட்டாள், நான் கத்தினால் கேட்பாரா அம்மா, ஸ்பீக்கரில் போடுங்கள் என்று. சார் வெளியே வாங்க என்று மரியாதையாகத்தான் முதலில் கூப்பிட்டாள். உள்ளிருந்து அவர் இது யார் குரல், எனக்கு உத்தரவு போடுகிறாயா, உன் சூப்பர்வைசர் யார் என்று கத்தினார். புகைக்குள் நின்றுகொண்டு என் பெயரைக் கேட்டார் அந்த மகானுபாவர். அதற்குப் பிறகுதான் அந்த வார்த்தை.

பிறகு இருமல். சைக்கிள் மணி எதிலோ இடித்துக் கிணுகிணுக்கிற சத்தம். வந்துட்டார், வந்துட்டார் என்று அந்த அம்மாள் அழுதார். எதைச் சொல்லியும் இல்லை, சும்மா, சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி. வண்டி வருகிற சத்தம் கேட்டது. கத்திரி, அவரை உட்கார வையுங்கள் அம்மா, சட்டை பட்டனைக் கழற்றிவிடுங்கள், வண்டியில் ஆக்சிஜன் இருக்கிறது, அவர்களிடம் புகைக்கு என்று மட்டும் சொல்லுங்கள், வேறு எதுவும் சொல்ல வேண்டாம் என்றாள். போன் வைக்கப்பட்டது.

சைரன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். எனக்கு முதுகு மட்டும் தெரிந்தது. செல்போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார்.

"தூங்குறியா?" என்றார். பகல் பதினொரு மணிக்கு.

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ. ம், ம் என்று வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். அந்த மனுஷன் போனில் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. லீவு போடுகிறேன் என்றார். டாக்டரிடம் நீயும் வா என்றார். வைத்துவிட்டுத் திரும்பியபோது முகத்தைப் பழைய மாதிரி ஆக்கிக்கொண்டிருந்தார், ஆனால் சரியாக ஒட்டவில்லை.

யாரெல்லாம் கேட்டார்கள் என்றார். நானும் அவளும்தான் சார் என்றேன். அவள் யாரிடமாவது சொன்னாளா என்றார்.

"சொல்லியிருந்தா இன்னைக்கு நாம இங்க உட்கார்ந்திருக்க மாட்டோமே சார்."

பணியாளர் அதிகாரி மூச்சிரைக்க வந்தார். விதி அகப்பட்டுவிட்டதாம், ஆனால் அதற்கு எதிராக இன்னொரு விதியும் அகப்பட்டுவிட்டதாம். வேண்டாம் விடுங்கள் என்றார் சைரன். புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக எழுதச் சொன்னார். வேலையை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு ஒரு நொடி யோசித்து, வாயை மூடு என்று சொன்னதற்கு ஓர் எச்சரிக்கையும் எழுதுங்கள் என்றார். அதிகாரி என்று ஒருவர் இருந்தால் எதையாவது எழுதித்தானே ஆக வேண்டும்.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். கத்திரி ஒரு லைனை முடித்துவிட்டு ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கினாள். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பையை எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். வேலை நிரந்தரம் என்றேன். பாட்டிலைத் தூக்கி மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தாள், பாதி தாவாங்கட்டையில் வழிந்தது. கூடவே ஓர் எச்சரிக்கை என்று இரண்டாவது தாளையும் நீட்டினேன்.

"இது எதுக்கு?"

"வாயை மூடுன்னு சொன்னதுக்கு."

"மூடினாரா இல்லையா?"

"மூடினார்."

"வெளிய வந்தாரா?"

"வந்தார்."

தாவாங்கட்டையைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, பேனா குடுங்க. எங்க போடணும்?"