எழுந்து நின்றவர்

பழைய விரிப்பு பாதி உருவப்பட்டு, புதியது பாதி செருகப்பட்டு, அவர் ஒருக்களித்த நிலையில் மனைவி, அவள் தங்கை இருவர் கைகளிலும் தொங்கிக்கொண்டிருந்தபோது தங்கைக்குத் தும்மல் வந்தது.

"பிடிடி, விட்டுடாத!" என்றாள் அக்கா.

"பிடிச்சிட்டுதான்க்கா இருக்கேன்." தங்கை மூக்கைத் தோளில் தேய்த்துக்கொண்டாள். "எலும்பும் தோலுமா இருக்காருன்னு பேரு. இந்தக் கனம் எங்கிருந்து வருதோ."

"ஃப்ரிட்ஜ் தூக்குறவங்க இதைவிடப் பத்திரமாத் தூக்குவாங்க," என்றார் அவர், தலையணைக்குள் முகம் புதைந்தபடி. வாழ்நாள் முழுவதும் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்த்தவர். நோய் ஈரலில் தொடங்கி உடம்பின் ஒவ்வொரு பகுதியாகக் கைப்பற்றி, கேலியை மட்டும் கடைசியாக விட்டுவைத்திருந்தது.

விரிப்பின் ஓரங்களை மெத்தைக்கடியில் மடித்து முடித்ததும், தங்கை மருந்துக்கடைக்குக் கிளம்பினாள். செருப்பை மாட்டியபடி, வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினாள்.

"டாக்டர் இன்னிக்கோ நாளைக்கோன்னுதானே சொல்லிட்டுப் போனாரு? மாமாகிட்ட பேச வேண்டியது ஏதாவது இருந்தா பேசிடுக்கா."

"எனக்கு என்ன இருக்கு பேச?"

"உனக்குத் தெரியாதா?" என்றாள் தங்கை. பிறகு தன் சொல்லுக்குத் தானே கூச்சப்பட்டவள்போல வெயிலில் இறங்கி நடந்தாள்.

அவளுக்குத் தெரியும். திருச்சபையில் எல்லோருக்கும் தெரியும் என்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

சபையில் ஆண்டுதோறும் நடக்கும் கன்வென்ஷனின் கடைசிக் கூட்டத்தில், பிரசங்கியார் குரலைத் தணித்து, கீபோர்டு வாசிப்பவருக்குக் கண்ணால் சைகை காட்டி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய் முழுநேர ஊழியம் செய்யத் தங்களை ஒப்புக்கொடுப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்று அழைப்பார். யாரும் அசையமாட்டார்கள். மின்விசிறிகளின் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்காத அந்த இடைவெளியில் முதலில் ஒரு நாற்காலி பின்னால் நகரும். அது அவருடைய நாற்காலி. கல்யாணமான முதல் வருடம் அவள் அருகிலேயே அமர்ந்திருக்க, அவர் அப்படித்தான் எழுந்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் விளக்கைக்கூடப் போடாமல் அவள் சொன்னாள்: "நீங்க தாராளமாப் போங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுறேன்." அவர் தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். படுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அடுத்த வருடமும் எழுந்தார், அதற்கடுத்த வருடமும். எந்த முறையும் ஊழியத்துக்குப் போகவில்லை. ஸ்குரூ டிரைவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குத்தான் போனார். கடவுளுக்குச் சரி என்று சொல்லிவிட்டு வரும் மனிதரைத் தன்னுடைய அந்த ஒரு வாக்கியம் வாசலில் மறித்து நிறுத்திவிடுகிறது என்பதில் அவளுக்கு ஐயமே இருந்ததில்லை. பெண்கள் ஐக்கியத்தில் யாராவது, "உங்க வீட்டுக்காரர் இந்த வருஷமும் நின்னாரே!" என்று சொன்னால், உன்னாலதான் போகல என்ற அதன் மிச்சத்தை அவள் தானே மனசுக்குள் கேட்டுக்கொள்வாள். பிள்ளை பிறக்காமல் போனதையும் அந்த வாக்கியத்தின் பேரிலேயே எழுதிவைத்திருந்தாள்.

அதனால் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. சாப்பாட்டு மேசையில் கிரீஸ் படிந்த ஸ்பேனர்கள் கிடந்தன. கட்டிலுக்கடியில் ஃப்ரிட்ஜுக்கு அடைக்கும் கேஸ் சிலிண்டர் கிடந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய பொறுமையைப் புதிதாக மணமான பெண்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். அது பொறுமையல்ல, பிராயச்சித்தம் என்பதை அவள் மட்டும் அறிந்திருந்தாள்.

இப்போது வீட்டில் இருவர் மட்டுமே இருந்தார்கள். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க."

"ம்."

"ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

அவள் அவருடைய கையைப் பார்த்தாள். நகங்களின் ஓரத்தில் எந்தச் சோப்புக்கும் அசையாத கருமை, இத்தனை மாதம் வேலையில்லாமல் கிடந்தும் போகாமல் இருந்தது.

"தண்ணி வேணுமா?"

அவர் கண்ணைத் திறந்து அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுக்கா இவ்வளவு முன்னுரை?"

அழைப்பு மணி அடித்தது. போதகர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். மற்றொரு கையில் நற்கருணைப் பாத்திரங்கள் வைக்கும் சிறிய பெட்டி. நாற்பதைத் தாண்டியவர், இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்து அதிக காலம் ஆகவில்லை. மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்து, கட்டைவிரல் உயரமே இருந்த கிண்ணத்தை அதன் நடுவில் வைத்தார்.

"என்ன ஐயா, எப்படி இருக்கீங்க?"

"கூலிங் சரியாத்தான் இருக்கு பாஸ்டர். கைகால் எல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு."

போதகர் சிரித்தார். ஆனால் அவருடைய விரல்கள் அந்தப் பாதங்களைத் தொட்டுப் பார்த்ததை அவள் கவனித்தாள்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் அமைதியா இருப்போம். மனசுல பாரம் எதுவும் இருந்தா ஆண்டவர்கிட்ட சொல்லிடுங்க."

மனதுக்குள் சொல்ல வேண்டும் என்பதுதான் முறை. அவளும் மனதுக்குள்தான் தொடங்கினாள். குரல் எந்த இடத்தில் வெளியே வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"நான்தான் பாஸ்டர் இவரைப் போகவிடாம பண்ணினேன். வருஷா வருஷம் ஊழியத்துக்குன்னு எழுந்து நின்னாரு. நீங்க போனா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு சொன்னேன். அந்த ஒரு பேச்சுக்காக மனுஷன் வாயைத் திறக்காம இங்கேயே கிடந்துட்டாரு. இப்ப அங்க போனா இவர்கிட்டதானே கேப்பாங்க, ஏன் வரலைன்னு? என்கிட்ட கேக்கச் சொல்லுங்க. தப்பு என்மேல."

பிறகு கட்டிலிலிருந்து ஏதோ கரகரத்தது. அவருக்கு மூச்சுத் திணறுகிறது என்று எண்ணி இருவரும் பாய்ந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எப்ப சொன்ன?" என்றார்.

"என்ன எப்ப சொன்னேன்?"

"அம்மா வீட்டுக்குப் போறேன்னு."

"முதல் வருஷம். கூட்டம் முடிஞ்சு வந்த அன்னிக்கு."

அவர் புருவத்தைச் சுருக்கி யோசித்தார். "ஞாபகம் இல்லையே."

வாடிக்கையாளரிடம் தொலைபேசியில், வந்துகொண்டே இருக்கிறேன் என்று அளக்கும்போது அவருடைய குரல் அரைக்கட்டை ஏறும் என்பது அவளுக்குத் தெரியும். இப்போது ஏறவில்லை. ஏறுவதற்கான மூச்சு அவரிடம் மிச்சமிருந்ததா என்பது வேறு கேள்வி. அதை அவள் அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

"அப்ப ஏன் போகல?"

"நான் போயி என்னத்தைக் கிழிக்கப் போறேன்? எனக்குப் பாட்டு வராது, பேச்சு வராது. தெரியாத வீட்டுல ஒரு வாய் தண்ணி கேட்டு வாங்கத் தெரியாது." சொற்களுக்கு நடுவே நீண்ட இளைப்பாறல்கள் தேவைப்பட்டன. "முதல் வருஷம் நிஜமாத்தான் எழுந்தேன். எழுந்து பார்த்தா நான் ஒத்தை ஆளு. உக்காந்துடலாமான்னு இருக்கும்போது, பின்னாடி ரெண்டு நாற்காலி நகர்ந்த சத்தம். கூட்டம் முடிஞ்சதும் அந்த ரெண்டு பேரும் வந்து, அண்ணே, நீங்க எழுந்ததைப் பார்த்துதான் எங்களுக்கு தைரியம் வந்துச்சுன்னாங்க. ரெண்டு பேரும் போயிட்டாங்க. நல்லா ஊழியம் பண்ணாங்க. அப்பதான் புரிஞ்சுது, என்னைக் கூப்பிட்டது எதுக்குன்னு."

"எதுக்கு?"

"எழுந்து நிக்கறதுக்கு. யாராவது முதல்ல எழுந்தாதானே அடுத்தவன் எழுந்திருப்பான்."

அவள் திரும்பிப் போதகரைப் பார்த்தாள். அவர் முகத்தில் இரத்தம் ஏறியிருந்தது.

"ஐயா," என்றார், "நான் காலேஜ் படிக்கும்போது இந்தக் கன்வென்ஷனுக்கு வந்திருந்தேன். நீங்க எழுந்தீங்க. நான் உங்களுக்குப் பின்னாடி. நான் ஊழியத்துக்கு வந்த சாட்சியில அதைச் சொல்லாத ஊரே இல்ல. இந்தச் சபைக்கு வந்து பார்த்தா நீங்க ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்ணிட்டிருக்கீங்க. கேக்க சங்கடமா இருந்துச்சு. அப்ப... அன்னிக்கு நீங்க சும்மாவா நின்னீங்க?"

"நீங்க சும்மாவா நின்னீங்க?"

"இல்ல."

"அப்ப சரி."

போதகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இந்த விஷயத்தில் வேதாகமக் கல்லூரி அவருக்குக் கற்றுத்தந்த எதுவும் உதவவில்லை என்று தோன்றியது. தோல்வியை ஒப்புக்கொள்பவர்போலத் தலையை ஆட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றாள் அவள்.

"சொன்னா நீ சும்மா இருப்பியா? பொம்பளைங்க கூட்டத்துல சொல்லிடுவ. உன் தங்கச்சிகிட்ட சொன்னா போதும், மைக்கே வேண்டாம். அப்புறம் நான் எழுந்தா எவன் நம்புவான்?"

அவர் சொன்னது முழுக்க உண்மை.

போதகர் அப்பத்தை விள்ளினார். நோயாளியால் விழுங்க முடியாததால் ஒரு துணுக்கைத் திராட்சை இரசத்தில் நனைத்து அவர் உதட்டில் வைத்தார். அவளுக்கும் கொடுத்தார். ஜெபம் முடிந்து, துணியை மடித்து, பெட்டியை மூடி, வண்டியைக் கிளப்பும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். வண்டி திருப்பத்தில் மறைந்ததும் உள்ளே வந்தாள். அவர் கண் மூடியிருந்தார்.

பஞ்சைத் தண்ணீரில் தோய்த்து அவர் உதட்டை ஈரப்படுத்தினாள். இரண்டாம் முறை தோய்க்கும்போது, எங்கிருந்தென்று தெரியாமல், கோபம் வந்தது.

"அப்ப அந்த சிலிண்டர்?"

"எது?"

"என் கட்டிலுக்கடியில வெச்சிருந்தீங்களே, கேஸ் சிலிண்டர். அதுல இடிச்சு இடிச்சு என் கால் கட்டைவிரல் நகமே கோணிப்போச்சு. ஒரு வார்த்தை பேசினேனா நான்?"

"இப்ப பேசு."

"பேசத்தான் போறேன்." பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். "ஊர்ல உள்ள ஃப்ரிட்ஜெல்லாம் ஓடும், நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுக்கு மட்டும் கயிறு கட்டி வெச்சிருந்தீங்க. வந்தவங்க முன்னாடி எனக்கு எவ்வளவு அசிங்கமா இருக்கும்?"

"ம்."

"பத்து மணிக்கு வரேன்னு சொன்ன வீட்டுக்கெல்லாம் ரெண்டு மணிக்குப் போவீங்க. அவங்க ஃபோன் பண்ணி என்னைத் திட்டுவாங்க. நான் உங்களுக்காகப் பொய் சொல்லுவேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காருன்னு. எத்தனை தடவை உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன் தெரியுமா?"

"ம்." உதட்டோரம் சற்றே இழுபட்டது.

அடுக்களையில், திரும்பி வந்திருந்த தங்கை பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தாள். அக்காவின் குரல் உயர்வதைக் கேட்டு எட்டிப் பார்த்தவள், சாகக் கிடக்கும் மனிதரிடம் இவள் சண்டை பிடிப்பதைக் கண்டு வாயில் கைவைத்தபடி பின்வாங்கினாள். அக்காவோ நிறுத்துவதாக இல்லை. ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுவது, டீயை ஆறவிட்டுச் சூடாக்கித் தரச் சொல்வது, தூக்கத்தில் பல்லைக் கடிப்பது, தன் அம்மா இறந்த வீட்டில் வந்தவர்களிடம் வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பற்றிப் பேசியது: ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொன்றையும் நேற்று நடந்ததுபோல, ஒரு புதுமணப்பெண்ணின் முழுத்தொண்டையோடு, விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அவர் ம் என்றார். பிறகு ம் என்பதுபோலத் தலையை அசைத்தார்.

"எங்க அண்ணன் குடுத்த மிக்ஸியை ரிப்பேர் பண்றேன்னு எடுத்துட்டுப் போய் யாருக்குக் குடுத்தீங்க? அதையாவது சொல்லுங்க."

அவர் பேசவில்லை. பதில் சொல்லாமல் நழுவுவது அவருக்கு வழக்கம்தான் என்பதால் அவள் சற்றுக் காத்திருந்தாள். சன்னல் திரை அசைந்தது. போர்வை அசையவில்லை. அவள் குனிந்து அவருடைய மூக்கருகே தன் கன்னத்தை வைத்தாள். அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, தொடங்கிய பேச்சைத் தணிந்த குரலில் முடித்தாள்.

"புது மிக்ஸி அது."

சாயங்காலம் போதகர் மறுபடி வந்தார். அடக்க ஆராதனைக்கான காரியங்களைப் பேசி முடித்த பின்பும் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, நாளைக்கு ஐயாவைப் பத்தி நான் என்ன சொல்லட்டும்?"

"நல்ல மெக்கானிக்குன்னு சொல்லுங்க. லேட்டானாலும் வந்துடுவாருன்னு சொல்லுங்க."

"காலையில சொன்ன விஷயம்?"

அவள் அடுக்களைப் பக்கம் பார்த்தாள். தங்கை யாரிடமோ தொலைபேசியில் விம்மிக்கொண்டிருந்தாள்.

"அது வேண்டாம் பாஸ்டர். அடுத்த வருஷமும் கன்வென்ஷன் இருக்குல்ல. இத்தனை வருஷமா எழுந்தவங்க யாரும் தப்பா நினைச்சுடக் கூடாது."

போதகர் தலையசைத்தார்.

மறுநாள் ஆலயம் நிறைந்திருந்தது. போதகர் சுருக்கமாகப் பேசினார். லேட்டானாலும் வந்துவிடுவார் என்ற இடத்தில் வாடிக்கையாளர்கள் பலர் அழுகைக்கு நடுவே சிரித்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது, அண்டைவீட்டார் சமைத்துக் கொண்டுவந்த சாப்பாடு மேசையில் இருந்தது. ஸ்பேனர்களை யாரோ ஒதுக்கி மூலையில் வைத்திருந்தார்கள். பெண்கள் ஐக்கியத்தின் தலைவி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்ல மனுஷன். ஊழியத்துக்குன்னு எத்தனை தடவை ஒப்புக்கொடுத்தாரு!" என்று பெருமூச்சு விட்டார். மிச்சத்தைச் சொல்லவில்லை.

தங்கை சோற்றுக் கரண்டியோடு எதிரில் நின்றிருந்தாள். அவளால் மிச்சத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை.

"பாவம் மாமா. அந்த ஒரு ஆசை மட்டும் கடைசி வரைக்கும் நடக்கவே இல்ல. போகவே முடியாமப் போச்சு."

அறையிலிருந்தவர்களின் பார்வை அக்காமேல் வந்து நின்றது. அவள் வாயிலிருந்ததை நன்றாக மென்று விழுங்கினாள்.

"ஆமா," என்றாள். "போகல."

பிறகு தட்டைத் தங்கையின் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடு. குழம்பும் ஊத்து."