பெரிய முள் நின்ற நேரம்

“வூட்டப் பூட்டித்தான் ஆவணும் அண்ணி! ஆறு மாசம்!”

“பூட்டிட்டு? வயசுப் பொண்ண இட்டுக்கினு ஒங்க வூட்டுத் தாவாரத்துல குந்தணுமா நாங்க?”

வேடியப்பன் பிணமாகப் பாயில் கிடக்க, அவர் மனைவி செந்தாமரையும் தம்பி அர்ச்சுனனும் போட்ட கூச்சலில் மலையே விழித்துக்கொண்டது. காலை ஆறு மணிக்கு அவிட்டம் பிறந்துவிட்டது. அந்த நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் வீட்டை அடைக்க வேண்டும்; அதற்கு முன்னால் விழுந்தால் வேண்டாம். வந்தவுடனே அர்ச்சுனன் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஆறு பத்து. பெரிய செகண்டு முள் பன்னிரண்டில் அசையாமல் நின்றது. உயிரோடு கடிகாரமும் நின்றுவிட்டதென்று கழற்றி, சாட்சியாக மடியில் செருகிக்கொண்டான்.

செந்தாமரை விடிகாலையை நினைத்துப் பார்த்தாள். இருட்டில் வேடியப்பன் தண்ணீர் கேட்டார். குடம் காலி. “இரு, வர்றேன்” என்று சுனைக்குப் போனவள், அங்கே பக்கத்து வீட்டுக் குப்பம்மாவிடம் அர்ச்சுனன் பெண்டாட்டியைப் பற்றி நாலு வார்த்தை பேசினாள். அந்த நாலு வார்த்தை எவ்வளவு நேரம்? திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சில்லை.

புளி வாங்க வருஷாவருஷம் மலையேறும் வாணியம்பாடி நசருல்லா சேதி கேட்டு வந்தார். கடிகாரம் அவர் கொடுத்ததுதான். அர்ச்சுனன் மடியிலிருந்து எடுத்துக் காட்டினான். மணி எட்டேகால்.

“நின்னுபோனது எப்படிப் பாய் எட்டேகாலுக்குப் போச்சு?”

“நிக்கலைங்க. இது பந்தயத்துக்கு நேரம் புடிக்கறது. எப்பவும் ஓடற செகண்டு முள்ளு கீழ இந்தச் சின்ன வட்டத்துல இருக்கு பாருங்க. பெரிசு, பித்தான அமுக்குனாத்தான் ஓடும்.”

அமுக்கினார். பெரிய முள் ஓடியது. “ஐயோ, உசுரு வந்துடுச்சு!” என்று பெண்கள் எழுந்தே விட்டார்கள். இன்னொரு அமுக்கு, நின்றது.

அர்ச்சுனன் விழித்தான். “அப்போ ஆறு பத்து?”

“நீங்க பாத்த நேரம்ங்க அது. அவரு போன நேரமில்ல.”

எல்லாக் கண்களும் செந்தாமரைமேல் திரும்பின.

“விடியறதுக்கு முன்ன நான் சுனைக்குக் கெளம்பறப்பவே மூச்சு இல்ல” என்றாள். “தூங்கறார்னு நெனச்சிட்டேன்.”

மகள் ரஞ்சிதம் கையைப் பிடித்துக்கொண்டாள். “கடைசியா அப்பா எதனா சொன்னாராம்மா?”

“ஒண்ணும் சொல்லல.”

வீட்டை அடைக்கவில்லை. எண்பதாம் வருஷம் ஆனியில் ரஞ்சிதம் கலசப்பாக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அர்ச்சுனன் குடும்பத்தோடு திருப்பத்தூருக்குப் போய்விட்டான். செந்தாமரை மட்டும் அங்கேயே இருக்கிறாள். கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கிறது; அக்கம்பக்கத்துக் கோழிகள் உள்ளே போய் நிதானமாக மேய்ந்துவிட்டு வருகின்றன.