அமராவதியின் முதல் கேசட்

என் மனைவி அமராவதியின் பதிவுகள் மொத்தம் பதினான்கு கேசட்டுகள். இந்த 2012 தொடக்கத்தில் புதுச்சேரியிலிருந்து ஒருவர் வந்து அத்தனையையும் கணினியில் ஏற்றிக்கொண்டு போனார். வெளிநாடுகளில் இப்படிச் சோதனை இசை செய்தவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன், சிதம்பரத்தில் ஒரு பெண்மணி 1984இலேயே செய்திருப்பார் என்று நினைக்கவில்லை என்றார். இதையே மூன்று முறை சொன்னார். ஒரு தாளில் ‘ஆரம்பகாலப் பதிவுகள்’ என்று தலைப்பு எழுதிவிட்டு, முதல் கேசட் எப்போது, எங்கே பொதுமக்கள் முன்னால் முழுதாக ஒலித்தது என்று கேட்டார்.

“2008 செப்டம்பர். கடலூர் மஞ்சக்குப்பம், இதே வீட்டு வாசல்” என்றேன்.

“கச்சேரியா?”

“கருமாதி.”

அவர் பேனாவை மூடிவிட்டார். அவர் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன்.

நாங்கள் சிதம்பரத்தில் குடியிருந்த காலத்தில் அமராவதி அங்கே தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தாள். எட்டு மணி நேரம் ஊர் ஊராக இணைப்புக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டாள். டேப் ரிக்கார்டரைத் திறப்பாள். வீட்டில் இரண்டு இருந்தன. ஒன்று எங்கள் கல்யாணத்துக்கு வந்தது. மற்றது அவளுடைய அண்ணன் ஞானசேகரன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. ஒன்றில் பதிந்ததை ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து புதிதாக ஒரு சத்தம் எழுப்பி, இரண்டையும் சேர்த்து மற்றதில் பதிவாள். பிறகு அதை ஓடவிட்டு இன்னொரு சத்தம். முதல் கேசட்டில் இப்படி ஒன்பது அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் கேசட்டின் இரைச்சல் கொஞ்சம் கூடிக்கொண்டே வரும். “அத வேணும்னுதான் வுட்டுருக்கேன். அடியில கடல் மாதிரி கெடக்கட்டும்” என்பாள். எந்த நொடியில் எந்தச் சத்தம் என்று கட்டம் போட்ட நோட்டில் குறித்து வைத்திருந்தாள்.

“இது இசையா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கேட்டு முடிச்சிட்டுச் சொல்லுங்க” என்றாள்.

நான் கேட்டு முடிக்கவில்லை. மாவட்ட நீதிமன்றத்தின் நகல் பிரிவில் எனக்கு வேலை. இருநூறு பக்கத் தீர்ப்பை ஒரு காற்புள்ளி விடாமல் வாய்விட்டுப் படித்து ஒப்பிடுவேன். அப்படிப்பட்டவன், முப்பத்தொரு நிமிட கேசட்டில் இருபத்து நான்கு ஆண்டுகளாகப் பதினோராவது நிமிடத்தைத் தாண்டியதில்லை. யாரோ கூப்பிடுகிறார்கள் என்பேன். பால் பொங்குகிறது என்பேன். ஒருமுறை, எங்கள் வீட்டில் மோட்டாரே இல்லாத காலத்தில், மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று எழுந்து போயிருக்கிறேன்.

வெளியாட்களுக்கு அவள் அதைப் போட்டுக் காட்டியது ஒரே ஒரு முறை, சிதம்பரத்தில் ஒரு மாதர் சங்க ஆண்டு விழாவில். மூன்றாவது நிமிடத்தில் செயலாளர் எழுந்து, கருவி பழுதானதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு நன்றியுரைக்குப் போய்விட்டார். அதன்பிறகு அமராவதி யாரிடமும் எடுத்துக் கொடுக்கவில்லை. பதிவதை மட்டும் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில், கடைசி வாரத்தில், என்னிடம் கேட்டாள். “ஒண்ணு சொன்னா செய்வீங்களா? மொத கேசட்ட ஒரு தடவ முழுசா போடணும். நாலு பேரு இருக்கணும். நடுவுல யாரும் நிறுத்தக் கூடாது.”

“நானே உக்காந்து கேக்கறேன்.”

“நீங்க கேக்கறது எனக்குத் தெரியாதா? மோட்டார நிறுத்தப் போயிடுவீங்க.”

செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவள் போன பிறகு பார்த்தால், வீட்டிலிருந்த இரண்டு ரிக்கார்டரும் செத்துக் கிடந்தன. நாலு பேர் கூடுகிற ஒரே நாள் பதினாறாம் நாள்தான். கடலூரில் மைக்செட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சி.டி.க்கு மாறியிருந்தார்கள். “கேசட்டா? மியூசியத்துல கேட்டுப் பாருங்க சார்” என்றார் ஒருவர். அலைந்து கடைசியில் சிதம்பரத்தில் சுப்புராயனைக் கண்டுபிடித்தேன். கேசட் போடும் ஆம்ப்ளிஃபையரைப் பட்டுத் துண்டு போட்டு மூடி வைத்திருந்தார்.

“கல்யாணம், காதுகுத்து, சாவு, மூணுக்கும் பாட்டு தனித்தனியா வச்சிருக்கேன். உங்க கேசட்டு எதுல வரும்?” என்றார்.

“எதுலயும் வராது. சுத்தமா ஓடுமா?”

“நாப்பது வருஷத் தொழிலு சார். என் குழாய்ல கொர்ருனு ஒரு சத்தம் வந்ததா எவனாவது சொல்லட்டும்.”

அந்தப் பெருமைதான் முதல் இடைஞ்சல் ஆயிற்று.

அன்று காலையில் பெண்ணையாற்றங்கரையில் சடங்குகளை முடித்துவிட்டுப் பத்தரைக்கு வீட்டுக்கு வந்தோம். பந்தலில் நாற்பது பேர். மொட்டை மாடியில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள். சுப்புராயன் கேசட்டைப் போட்டார். முதலில் தொலைபேசி நிலையத்தின் டக்டக், டக்டக். அதன்மேல் அமராவதியின் குரல், இணைப்புக் கொடுக்கும் அதே குரலில்: “ரெண்டு... ஒம்போது... ஒம்போது... ஆறு...” நாலாவது நிமிடத்தில் இரைச்சல் எழுந்தது. எழுந்ததும் நின்றது. சுப்புராயன் கேசட்டை வெளியே எடுத்து, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து உள்ளே துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏன் நிறுத்தினீங்க?”

“ஹெட்டுல அழுக்கு சார். இப்ப பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்.”

“அழுக்கு இல்ல. அது அப்படித்தான். திரும்ப முதல்லேர்ந்து போடுங்க.”

“விட்ட எடத்துலேர்ந்து போட்டா என்னா சார்?”

“முதல்லேர்ந்து.”

இரண்டாம் முறை நாலாவது நிமிடத்தில் அதே இரைச்சல் வந்தபோது சுப்புராயன் கண்ணை மூடிக்கொண்டார். ஏழாவது நிமிடத்தில் குடம் வந்தது. பித்தளைக் குடத்தில் தண்ணீர் நிறையும் சத்தம். நிறைய நிறையச் சுருதி மேலே ஏறும். நிறையும் முன்பே இன்னொரு குடம் தொடங்கும். அப்போதுதான் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஞானசேகரன் குடும்பத்தோடு வாடகைச் சுமோவில் வந்து இறங்கினார். நேராகப் போய் ஒயரைப் பிடுங்கினார்.

“தங்கச்சிக்கு ஒரு சாமி பாட்டு போடக்கூடாதா மாப்ள? கொழாயடிச் சண்டையப் போட்டு வச்சிருக்க.”

“அது அவ போட்ட பாட்டு மச்சான்.”

“தெரியும் எனக்கு. நாலு சினிமாப் பாட்டு கேக்கட்டும்னு சிங்கப்பூர்லேர்ந்து தூக்கியாந்தேன். அதுல கொடத்தப் புடிச்சி வச்சிருக்கா.”

என் மகள் அனுப்பிரியா எழுந்து வந்தாள். “மாமா, அம்மா கடைசியா கேட்டது இது ஒண்ணுதான். முழுசா ஒரு தடவ. யாரும் நிறுத்தாம.”

ஞானசேகரன் கையிலிருந்த ஒயரைச் சுற்றினார். “எங்கிட்ட ஒண்ணும் கேக்கலியே அவ” என்றார். பிறகு ஒயரை சுப்புராயனிடம் கொடுத்துவிட்டு, குழாய்க்கு முதுகைக் காட்டி ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். “எவ்ளோ நேரம்?”

“முப்பத்தோரு நிமிஷம்.”

“சோறு?”

“முடிஞ்சதும்.”

பந்தலில் ஒரு முனகல் கேட்டது. சமையல்காரர் அண்டாவை மறுபடி மூடினார்.

மூன்றாம் முறை தொடங்கும்போது மணி பதினொன்று ஐம்பது. அந்த வருடம் மின்வெட்டு வந்திருந்ததும், எங்கள் தெருவுக்கு அது பன்னிரண்டிலிருந்து இரண்டு என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும். அந்த நிமிடத்தில் நினைவில்லை. சரியாகப் பன்னிரண்டுக்கு, குடங்களின் நடுவில், எல்லாம் நின்றது.

மின்விசிறியும் தொலைக்காட்சியும் நின்றுபோனதால் தெருவில் இருந்த அத்தனை பேரும் வழக்கம்போல வாசலுக்கு வந்தார்கள். சுப்புராயன் தன் பேட்டரியைத் தட்டிப் பார்த்தார், உயிரில்லை. நான் பந்தல் நடுவில் நின்றேன். இனி இரண்டு மணி வரை நாற்பது பேரைப் பட்டினி போட முடியாது. சாப்பிட்டால் கிளம்பிவிடுவார்கள். நாலு பேர் சேர்வது இனி எந்த நாளில்?

ஞானசேகரன் எழுந்தார். சுமோவின் முன்மூடியைத் திறந்தார். “வாங்க பூசாரி” என்று, பெட்டிக்குப் பட்டுத் துண்டு சாத்துகிற சுப்புராயனைக் கூப்பிட்டார். “இத்த முடிக்காம இவன் எல போட மாட்டான். பேட்டரியக் கழட்டு.”

டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீயும் உக்காந்து கேளு” என்று அவரையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்.

“திரும்ப முதல்லேர்ந்துதானே சார்?” என்றார் சுப்புராயன், என் முகத்தைப் பார்க்காமல்.

நாலாம் முறை ஆரம்பித்தது. நான் எதிர்பார்க்காத ஒன்று அப்போது நடந்தது. டக்டக் கேட்டதும் பந்தலின் பின்வரிசையில் யாரோ சேர்ந்து சொன்னார்கள்: “ரெண்டு... ஒம்போது... ஒம்போது...” மூன்று முறை கேட்டதில் தெருவுக்கே முதல் பத்து நிமிடம் பாடமாகியிருந்தது. இரைச்சல் எழுந்தபோது சுப்புராயன் பக்கத்திலிருந்தவரிடம், “இது ரிப்பேரு இல்ல. அப்பிடித்தான் போட்டுருக்காங்க” என்று விளக்கினார். எதிர்வீட்டுச் சௌந்தரம் தன் மருமகளின் கையைப் பிடித்து, “இரு, இப்பக் கொடம் வரும் பாரு” என்றாள். குடம் வந்தது. “நான் சொல்லல?”

பதினோராவது நிமிடம் தாண்டியது. அங்கிருந்து அப்பால் தெருவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குடங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அமராவதி வாயை மூடிக்கொண்டு ஒரே சுருதியில் முனகினாள். அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு அமராவதி முனகினாள். இருவருக்கும் நடுவில் காற்றில் ஏதோ அதிர்ந்தது. அண்டா மூடியும் அதோடு சேர்ந்து லேசாக அதிர்ந்ததாகச் சமையல்காரர் பிறகு சொன்னார். கரண்ட் இல்லாத தெருவில் அந்தச் சத்தம் தடையில்லாமல் முனை வரைக்கும் போனது. இத்தனை ஆண்டுகள் எதைக் கேட்காமல் மோட்டாரை நிறுத்தப் போனேன் என்று எனக்கு அப்போது புரியத் தொடங்கியது.

இருபத்து மூன்றாவது நிமிடத்தில் கதவு திறக்கும் சத்தம். ஒரு ஆண்குரல்.

“அமரா, இது எப்ப முடியும்?”

யாரென்று எனக்குத் தெரியவில்லை. குரல் மறுபடி வந்தது. “அமரா, இது எப்ப முடியும்?”

“ஐயோ அண்ணே, இது நீங்க” என்றாள் சௌந்தரம்.

நான்தான். முப்பது வயது நான். என்றைக்கோ கதவைத் திறந்து கேட்டதைப் பிடித்து வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தாள். இரண்டு நான், நான்கு நான், ஒன்பது நான். ஒரு பஜனைக் கோஷ்டி போல மொட்டை மாடியிலிருந்து ஊரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்: இது எப்ப முடியும், இது எப்ப முடியும். பந்தலில் இருந்த நாற்பது பேரும் இரண்டு மணி நேரமாக மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்ததும் அதுதான்.

முதலில் சிரித்தது ஞானசேகரன். நாற்காலியைக் குழாய்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு சிரித்தார். “நீயும் பாடியிருக்கியா மாப்ள?” பிறகு பந்தல் சிரித்தது, எதிர்வரிசை வாசல்கள் சிரித்தன, அனுப்பிரியா அழுதுகொண்டே சிரித்தாள்.

என் கை ஆம்ப்ளிஃபையர் பக்கம் போனது. உண்மையைச் சொல்ல வேண்டும், போனது. நிறுத்துகிற பொத்தான் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. கேசட்டை முழுதாகக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். சுப்புராயன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார். நீங்களும் தொடக் கூடாது” என்றார் மெதுவாக.

கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தேன்.

என் குரல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒன்பது ஐந்தாகி, மூன்றாகி, கடைசியில் நான் தனியாக ஒருமுறை கேட்டேன். அதற்கு அமராவதி பதில் சொன்னாள், எண் சொல்லும் குரலில் இல்லை, வீட்டுக் குரலில்.

“உக்காருங்க.”

தெருவில் நின்றிருந்த இரண்டு பேர் உட்கார்ந்தார்கள்.

அதன்பிறகு இரைச்சல் மட்டும்தான். அடியில் கிடந்த கடல் மேலே வந்து, மூன்று நான்கு நிமிடம் அப்படியே கிடந்தது. யாரும் எழவில்லை. சமையல்காரர் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். பிறகு பொத்தான் டக்கென்று மேலே எழும்பியது.

சுப்புராயன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

“தானா நின்னுச்சு சார். நான் தொடல.”