அடித்துப் போட்ட ‘ஆல்’

கண்ணாடியக்காவுக்கு இலக்கணப் பித்து தலைக்கேறியதில் முதலில் மாட்டிக்கொண்டது வீட்டு ஃப்ரிட்ஜ்தான். அதன் கதவு முழுக்கத் துண்டுச்சீட்டுகள். அந்தச் சீட்டுகளில் அவளுடைய சிவப்புப் பேனா கை வைக்காத வரி ஒன்றுகூட இருக்காது.

அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. இருபது வருஷமாக ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைத்து ஃப்ரேமில் பொருத்துகிறாள். மாலையில் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆங்கிலம், இரண்டாம் வருஷம். கூடப் படிக்கும் பிள்ளைகள் யாருக்காவது மூக்குக்கண்ணாடி லூசானால் பையிலிருந்து குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்து அங்கேயே முடுக்கித் தருவாள். அப்படி வந்த பெயர்தான் கண்ணாடியக்கா. முதல் வருஷம் கவிதை, நாடகம் என்று ஓடியது. கொட்டாவியை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. இரண்டாம் வருஷத்தில் வாக்கிய அமைப்பு என்று ஒரு பாடம் வந்தது. ஒரு வாக்கியத்தை எடுத்து உச்சியில் மாட்டி, எழுவாய் ஒரு கிளை, பயனிலை ஒரு கிளை என்று கீழ்நோக்கிப் பிரித்துக்கொண்டே போய், ஒவ்வொரு சொல்லும் ஒரு நுனியில் வந்து தொங்கும்படி மரம் போட வேண்டும். பிள்ளைகளுக்கு அது வேப்பங்காயாகக் கசந்தது. அக்காவுக்கோ, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று அந்தப் பாடத்தைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. லென்ஸ் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தால் போதும், வாங்கிப் போனவர் மறுநாளே தலைவலி என்று வந்து நிற்பார். சொல் இடம் மாறினாலும் அதே கதைதானே. கடையில் லென்ஸ் வரும் உறைகளின் பின்பக்கமெல்லாம் மரம் முளைத்தது.

வீட்டில் மூன்று பேர். மகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள், வாரத்தில் பாதி நாள் நைட் ஷிஃப்ட். மாப்பிள்ளை வெளியூர் பஸ் ஓட்டுபவர், இன்று போனால் நாளை மறுநாள்தான் முகத்தைப் பார்க்கலாம். ஒருவர் செருப்பைக் கழற்றும்போது இன்னொருவர் மாட்டிக்கொண்டிருப்பார். மூன்று பேரும் பேசிக்கொள்வதே ஃப்ரிட்ஜ் கதவில்தான். அந்தக் கதவுக்குத்தான் அக்கா சட்டம் போட்டாள்: பரீட்சை முடிகிற வரைக்கும் சீட்டு எழுதினால் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், தப்பிருந்தால் சிவப்பு மை, கீழே பத்துக்கு இத்தனை என்று மார்க்.

மாப்பிள்ளை பாவம். நடுரோட்டில் லாரியே எதிரே வந்தாலும் அசராத மனிதர், சிவப்புப் பேனாவைக் கண்டு அரண்டு போனார். பால் தீர்ந்துவிட்டது என்பதற்கு ‘மில்க் இஸ் நோ’ என்று எழுதி, பத்துக்கு இரண்டு வாங்கினார். அதற்கப்புறம் எழுதுவதை விட்டுவிட்டுப் படம் வரையத் தொடங்கினார். பால் பாக்கெட் வரைந்து குறுக்கே ஒரு கோடு. படத்தில் திருத்த ஒன்றுமில்லாததில் அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மகள் அப்படிப் பயப்படுகிறவள் இல்லை. ஒரு நாள், எல்லாரும் எட்டு மணிக்குச் சாப்பிடலாம் என்ற அர்த்தத்தில் ‘வீ ஆல் வில் ஈட் அட் எய்ட்’ என்று எழுதி வைத்தாள். அக்கா அந்த ‘ஆல்’ஐ அடித்துவிட்டு, ‘வீ’ என்றாலே எல்லாரும்தான், இது தேவையில்லாத வார்த்தை என்று எழுதி, ஒரு மார்க்கைக் குறைத்தாள். நாம எல்லாரும் என்றுதானே தமிழில் சொல்கிறோம் என்று மகள் சண்டைக்கு வந்தாள். அக்கா மசியவில்லை. ஆனானப்பட்ட மாப்பிள்ளையே அடங்கிவிட்டார், நீ எம்மாத்திரம் என்று சொல்லிப் பேச்சை முடித்தாள்.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டில்லாத ஒன்றும் அந்த வீட்டில் இருந்தது. கல்யாணம் முடிந்த வாரமே அக்கா வீராப்பாக ஒரு வார்த்தையை விட்டிருந்தாள்: சின்னஞ்சிறுசுகள் தனியாக இருப்பதுதான் சரி, சீக்கிரம் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போங்கள், என்னைக் கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. எட்டு மாதம் போன பிறகு, மாப்பிள்ளையின் பால் பாக்கெட் படமும், மகள் வாசலில் கழற்றி வீசும் செருப்பும் இல்லாத வீட்டை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்ன வார்த்தையை எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்ப எடுப்பது? அதனால் வாயே திறக்கவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தபோது ஃப்ரிட்ஜில் ஒரு முழுத்தாள் ஒட்டியிருந்தது. மாப்பிள்ளையின் கையெழுத்து. படம் இல்லை. மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று வரி எழுதியிருந்தார். வீ ஹேவ் ஃபவுண்ட் எ ஹவுஸ். வீ ஆர் மூவிங் இன் ஜூன். வீ வில் டெல் யூ எவ்ரிதிங் ஆன் சண்டே. அதாவது, வீடு கிடைத்துவிட்டது, ஜூனில் குடிபோகிறோம், ஞாயிற்றுக்கிழமை விவரமாகச் சொல்கிறோம்.

போகிறோம் என்றால் யார் போகிறோம்? அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு ஃப்ரிட்ஜுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். தமிழாக இருந்தால் இந்த வம்பே இல்லை. ‘நாம போறோம்’ என்றால் அவளும் சேர்த்தி. ‘நாங்க போறோம்’ என்றால் அவளை விட்டுவிட்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘வீ’தான். சரி, படித்த படிப்பு எதற்கு இருக்கிறது என்று வரி வரியாகப் பிரித்தாள். முதல் வரி, வீட்டைக் கண்டுபிடித்தது அவர்கள் இரண்டு பேர்; அவள் இல்லை. அது ‘நாங்கள்’. மூன்றாம் வரி, உனக்குச் சொல்கிறோம் என்கிறார்கள். அவளுக்கே அவள் சொல்ல முடியாது. அதுவும் ‘நாங்கள்’. முன்னும் பின்னும் ‘நாங்கள்’ இருக்க, நடுவில் மட்டும் ‘நாம்’ எங்கிருந்து குதிக்கும்? ஆக நடுவரியிலும் அவள் இல்லை. வாக்கிய அமைப்பு கற்றுக்கொண்டதற்கு இப்படி ஒரு பலன் கிடைக்கும் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை.

போகட்டுமே, போகச் சொன்னதே நான்தானே என்று அழுகையை விழுங்கிக்கொண்டாள். பழக்கதோஷத்தில் கை பேனாவை எடுத்தது. தாளில் ஒரு தப்பில்லை. இரண்டாம் வரியில் ‘வீ’க்கு அடுத்து ஒரு பொட்டு ஒயிட்னர் மட்டும் இருந்தது, எழுத்துப்பிழையைத் தானே திருத்திக்கொண்டிருக்கிறார் போல, தேறிவிட்டார். கீழே பத்துக்குப் பத்து என்று போட்டாள். மாப்பிள்ளை வாங்கிய முதல் முழு மார்க் அது.

மறுநாள் காலை கடையில் ஒரு வாத்தியாரின் கண்ணாடிக்கு வலது லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் மாட்டினாள். இருபது வருஷத்தில் நடக்காத கூத்து. முதலாளி அதைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, பரீட்சை பயமா என்று கேட்டார். ஆமாம் என்றாள். பரீட்சையைப் பற்றி ஒரு துளி பயமும் இல்லை என்பதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது.

மதியம் இரண்டு மணிக்குத் தேர்வு. விரிவுரையாளர் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர், வகுப்பில் எல்லாருக்கும் மேடம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஆங்கிலத்தில் தடுமாறும் ஓர் இடத்தைச் சொல்லி விளக்க வேண்டும் என்றார். அக்கா வேறொன்றைத்தான் தயார் செய்து வைத்திருந்தாள். ஆனால் வாய் திறந்ததும் வந்தது ஃப்ரிட்ஜில் இருந்த நடுவரி. பலகையில் எழுதினாள், மரம் போட்டாள். அதே வாக்கியம், அதே மரம், ஆனால் எழுவாயில் மட்டும் இரண்டு குடும்பம் ஒளிந்திருக்கிறது, ஒன்றில் கேட்பவள் உண்டு, ஒன்றில் இல்லை என்று விளக்கினாள். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, இதைத் தெளிவாக்க ஆங்கிலத்தில் வழியே கிடையாதா என்றார்.

இருக்கிறது என்றாள் அக்கா. ‘வீ’யோடு இன்னொரு சொல்லைச் சேர்க்கலாம். இரண்டு பேர் மட்டும்தான் என்றால் ‘போத்’. அதற்கு மேல் என்றால் ‘ஆல்’. இரண்டு பேரை ‘ஆல்’ என்று சொல்ல முடியாது, குறைந்தது மூன்று பேராவது—

அங்கே நின்றுவிட்டாள். சாக்பீஸ் கையிலேயே இருந்தது.

“என்னாச்சும்மா, தண்ணி வேணுமா?” என்று மேடம் கேட்டார்.

“இல்ல மேடம். ஒரு வார்த்தைய அடிச்சது ஞாபகம் வந்துச்சு.”

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நன்றாகச் சொன்னீர்கள், போகலாம் என்றார். அக்கா மார்க்கைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. விட்டால் போதும் என்று பஸ் நிறுத்தத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். பஸ்ஸோ அன்றைக்கென்று ஆமையாக ஊர்ந்தது. ஓட்டுகிறவர் மாப்பிள்ளையாக இருந்திருந்தால் இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று மனதுக்குள் திட்டினாள்.

வீட்டில் மகள் நைட் ஷிஃப்ட் முடிந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா பூனை மாதிரி நடந்து போய்க் காந்தத்தை நகர்த்தித் தாளை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஒயிட்னர் கறுப்பாகத்தான் தெரிந்தது. விடுவாளா? பையிலிருந்து லென்ஸில் கீறல் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு, குட்டி ஸ்க்ரூடிரைவரின் நுனியால் மெல்லச் சுரண்டினாள். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. முதலில் ஒரு ‘ஏ’. அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடு.

ஆல். வீட்டில் இருப்பதே மூன்று பேர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் சேர்ந்து ஒரு தும்மலாக வெளியே வந்தது. அந்தச் சத்தத்தில் மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். அம்மா கையில் தாள், கண்ணில் பூதக்கண்ணாடி, மேஜை மேல் வெள்ளைப் பொடி. என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

“ஒயிட்னருக்குமா மார்க் குறைப்ப?” என்றாள்.

“இதை யாருடி அழிச்சது?”

“நாந்தான். அவர் ‘வீ ஆல்’னுதான் எழுதி வெச்சாரு. ரெண்டு நாளா தாள் தாளாக் கிழிச்சு எழுதினாரும்மா. நீ பாத்தா அடிப்ப, மனுஷன் மனசு விட்டுடுவாருன்னு நாந்தான் ஒயிட்னர் வெச்சேன். தேவையில்லாத வார்த்தைன்னு நீதான சொன்ன?”

மகள் தண்ணீர் குடித்தபடி மீதியையும் சொன்னாள். வீட்டில் மூன்று அறை. பல்கலைக்கழகம் இரண்டே ஸ்டாப். ஜன்னலோரத்து அறையில் அம்மாவுடைய மேஜை நுழையுமா என்று மாப்பிள்ளை அளவெடுத்து வைத்திருக்கிறார். கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாளே, அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று யோசிக்கத்தான் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தவணை கேட்டிருந்தார்கள்.

“ஞாயித்துக்கிழமை அவர் ஒரு பக்கத்துக்கு இங்கிலீஷ்ல பேசுறதா இருக்காரு. இப்பவே சொல்லிடு, வர்றியா மாட்டியா?”

எட்டு மாதத்துக்கு முன் விட்ட வார்த்தை இன்னும் தொண்டையில் முள்ளாக நின்றது. அதை வாயால் எடுக்க அக்காவுக்குத் தெரியவில்லை. பேனாவால் எடுக்கத் தெரியும். மேஜைமேல் தாளை விரித்து, பொடியை ஊதிவிட்டு, இரண்டாம் வரியில் ‘வீ’க்கு அடுத்த இடத்தில், சுரண்டலில் மங்கிப்போயிருந்த எழுத்துகளின் மேலேயே சிவப்பு மையால் ‘ஆல்’ என்று அழுத்தி எழுதினாள். பிறகு தாளைப் பழைய இடத்தில் ஒட்டி, நான்கு மூலைக்கும் நான்கு காந்தம் வைத்தாள்.

மகள் பக்கத்தில் வந்து நின்று படித்தாள்.

“அப்ப அது தேவையில்லாத வார்த்தை இல்லையா?”

“திருத்தினவ தப்பு பண்ணிட்டா. மாப்பிள்ளைகிட்ட சொல்லிடு” என்றாள் அக்கா.